இலேசான பாடத்தின் கணக்கு

இலங்கையில் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு ஒரு மாணவர் மூன்று பிரதான பாடங்களில் தோற்றுகிறார். 12ஆம் தரத்தில் எடுத்த மூன்றையும் 13ஆம் தரம் முடியும்வரை கொண்டுசெல்வது வழக்கம். ஆனால் பரீட்சை விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் நாள் நெருங்கும்போது, கண்டியிலும் கட்டுகஸ்தோட்டையிலும் கம்பளையிலும் ஒவ்வோர் ஆண்டும் சிலர் ஒரு பாடத்தை விட்டு இன்னொன்றுக்குத் தாவுகிறார்கள். கணிதப் பிரிவில் இரசாயனவியலுக்குப் பதிலாகத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பமும், உயிரியல் பிரிவில் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானமும் எடுப்பது இவ்வகைத் தாவல்களில் நன்கு தெரிந்தவை. இந்தத் தாவலில் சில வாசல்கள் மூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரசாயனவியல் இல்லாமல் பொறியியல் பீடம் இல்லை. பௌதிகவியல் இல்லாமல் மருத்துவ பீடம் இல்லை. அதை ஏற்றுக்கொண்டுதான் மாறுகிறார்கள். காரணம் கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “அது இலேசு.”

இந்த ‘இலேசு’ என்ற சொல்லுக்குள் ஒரு புதிர் இருக்கிறது. மாறிய மாணவர் புதிய பாடத்தில் 64 புள்ளி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய பாடத்திலேயே இருந்த நண்பருக்கு 56தான். மற்ற இரண்டு பாடங்களிலும் இருவரும் சமம். ஆனாலும் பல்கலைக்கழக அனுமதி வரிசையில் நண்பர் மேலே நிற்கலாம். 56 எப்படி 64ஐ முந்தும்?

உயரத்தை எங்கிருந்து அளப்பது என்ற பழைய கேள்விதான் இது. கொழும்பின் தாமரைக் கோபுரம் ஏறத்தாழ 350 மீற்றர் உயரம். கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றரில் இருக்கிறது. ஆகவே கோபுரத்தின் உச்சியில் நிற்பவரைவிட, கண்டி வாவிக்கரையில் கடலை கொறித்துக்கொண்டு நிற்பவர் உயரத்தில் இருக்கிறார். அதற்காக வாவிக்கரைக்காரர் ஏதோ ஏறிவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை. அவர் நிற்கும் தரையே உயரம். ஏறியது எவ்வளவு என்று அறிய, ஒவ்வொருவரையும் அவரவர் தரையிலிருந்து அளக்க வேண்டும்.

பரீட்சைப் புள்ளியிலும் இப்படியொரு தரை உண்டு. அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய புள்ளிகளின் சராசரி அது. இலங்கைப் பாடநூல்களில் இதற்கு ‘இடை’ என்று பெயர். வினாத்தாள் இலேசாக இருந்தால் எல்லோரும் கூடுதலாக எடுப்பார்கள், இடை உயரும். கடினமாக இருந்தால் இடை தாழும். இலேசான பாடம் என்பது உயரமான தரையில் கட்டிய வீடு.

தரையைக் கழித்தால் மட்டும் போதாது. ஒரு மீற்றர் ஏற்றம் எல்லா இடத்திலும் ஒரே அளவு பெரிதல்ல. ஐந்து பேர் கொண்ட ஒரு வகுப்பில் புள்ளிகள் 50, 55, 60, 65, 70. இன்னொரு வகுப்பில் 20, 40, 60, 80, 100. இரண்டுக்கும் இடை 60. முதல் வகுப்பில் 70 எடுத்தவர் முதலாம் பிள்ளை. இரண்டாம் வகுப்பில் ஒருவர் 70 எடுத்திருந்தால் அவருக்கு மேலே இன்னும் இருவர் இருப்பார்கள். இருவரும் தரையிலிருந்து பத்துப் புள்ளிதான் ஏறியிருக்கிறார்கள்; ஆனால் முதல் வகுப்பில் எல்லோரும் ஒட்டி நிற்கிறார்கள், அங்கே பத்துப் புள்ளி பெரிய தூரம். இரண்டாவதில் ஆளுக்காள் இடைவெளி அகலம், அங்கே அதே பத்து ஒரு காலடிகூட இல்லை.

இந்தப் பரம்பலின் அகலத்தை ஒரே எண்ணில் சொல்வதற்கு உரிய அளவு ‘நியம விலகல்’. தமிழ்நாட்டு நூல்களில் இதைத் திட்ட விலக்கம் என்பார்கள். ஆங்கிலப் புள்ளிவிபரவியலாளர் கார்ல் பியர்சன் 1890களில் இந்த அளவுக்குப் பெயர் சூட்டினார். ஒவ்வொருவரும் இடையிலிருந்து சராசரியாக எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதைச் சொல்லும் எண் என்று எடுத்துக்கொண்டால் பெரிய தவறில்லை. முதல் வகுப்பில் அது ஏறத்தாழ 7. இரண்டாம் வகுப்பில் 28. முதல் வகுப்பின் 70, தரையிலிருந்து 1.4 நியம விலகல் மேலே. இரண்டாம் வகுப்பின் 70க்கு அது 0.35தான்.

இந்த 1.4, 0.35 போன்ற எண்களே இசட் புள்ளிகள். ஒருவரின் புள்ளியிலிருந்து இடையைக் கழித்து, மிச்சத்தை நியம விலகலால் வகுத்தால் வருவது. சரியாக இடையில் நிற்பவருக்கு இசட் புள்ளி பூச்சியம். அதற்குக் கீழே நிற்பவருக்கு மறைப் பெறுமானம். பெறுபேற்றுத் தாளில் நான்கு தசமதானங்களுக்கு அச்சாகும் எண், மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளுடைய சராசரி.

இனிப் புதிர் அவிழ்ந்துவிடும். விளக்கத்துக்காக மட்டும் சில எண்கள்: பழைய பாடத்தின் இடை 40, நியம விலகல் 16. புதிய பாடத்தின் இடை 58, நியம விலகல் 12. நண்பரின் 56, தரையிலிருந்து 16 புள்ளி மேலே. அதாவது சரியாக 1. மாறியவரின் 64, தரையிலிருந்து 6 புள்ளிதான் மேலே, அதாவது 0.5. நண்பரைத் தொடவே மாறியவர் 70 எடுத்திருக்க வேண்டும். பாடம் இலேசு என்பதால் கிடைத்த கூடுதல் புள்ளிகளை இடை முதலிலேயே விழுங்கிவிட்டது.

இந்தக் கணக்கு இலங்கைக்கு வந்த வழி கண்டிப் பக்கமாகத்தான். 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி பயன்படுகிறது. அந்த முறையைப் பரிந்துரைத்தவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புள்ளிவிபரவியலாளர் பேராசிரியர் ஆர்.ஓ. தட்டில். அவர் பணியாற்றியது விவசாயத் துறையில் என்பது பொருத்தமான செய்தி. விவசாயப் புள்ளிவிபரவியலின் அன்றாடத் தலைவலியே இதுதான்: ஒரு நெல்லினத்தை வளமான வயலிலும் இன்னொன்றை வறண்ட வயலிலும் விதைத்துவிட்டு, எது நல்ல விதை என்று எப்படிச் சொல்வது? அறுவடையிலிருந்து வயலின் பங்கைக் கழித்தால்தான் விதையின் பங்கு தெரியும். பரீட்சையில் வினாத்தாள்தான் வயல்.

அதற்கு முன்னைய ஆண்டுகளில் மூலப்புள்ளிகளை, அதாவது திருத்துநர் இட்ட புள்ளிகளை, அப்படியே கூட்டினார்கள். நான்கு பாடங்கள், மொத்தம் 400. எந்தப் பாடத்தில் எடுத்த புள்ளியானாலும் ஒரே விலை. இந்த முறையில் இலேசான பாடத்துக்குத் தாவுவது உண்மையிலேயே இலாபமாக இருந்திருக்கும். இன்றைக்கும் பல வீடுகளில் நிலவும் எண்ணம் அந்தக் காலத்தின் எச்சமாக இருக்கலாம்.

ஆனால் இசட் புள்ளி எல்லா அநீதியையும் துடைத்துவிடும் மந்திரக்கோல் அல்ல. அது பதில் சொல்லாத ஒரு கேள்வி இருக்கிறது: தரையைத் தீர்மானிக்கும் கூட்டம் எது?

ஒரு பாடத்தின் இடை உயர்வாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். வினாத்தாள் இலேசாக இருக்கலாம். அல்லது தோற்றியவர்கள் கெட்டிக்காரர்களாக இருக்கலாம். இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும். உயர் கணிதத்தை எடுப்பவர்கள் மிகச் சிலர். அவர்களில் பெரும்பாலோர் கணிதத்தில் ஊறியவர்கள். அந்தக் கூட்டத்தில் நடுவில் நிற்பதற்கே பெரும் திறமை வேண்டும். ஆனாலும் அங்கே நடுவில் நிற்பவருக்குப் பூச்சியம்தான். இதற்கு நேர்மாறாக, பலர் கடைசி நேரத்தில் ஆயத்தமில்லாமல் வந்து சேரும் பாடத்தில் இடை தாழ்ந்து, ஆண்டுக்கணக்காக அதையே படித்தவரின் இசட் புள்ளி உயரும். தாவி வருபவர்கள் தம்மை அறியாமலே மற்றவர்களுக்குத் தரையைத் தாழ்த்திக் கொடுக்கிறார்கள். இந்தத் தானத்துக்கு நன்றி சொல்பவர்கள் யாரும் இல்லை.

கூட்டம் எது என்ற கேள்வி இலங்கையில் வெறும் வகுப்பறைக் கேள்வியாக இருந்ததில்லை. 1970களின் தொடக்கத்தில் மருத்துவ பீடத்துக்குத் தமிழ் மொழிமூல மாணவர் 400க்கு 250 எடுக்க வேண்டியிருந்தது, சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 போதுமாயிருந்தது. அதைத் தொடர்ந்து வந்த ‘தரப்படுத்தல்’, ஒவ்வொரு மொழிமூலத்தையும் தனித்தனிக் கூட்டமாக வைத்து, அவற்றின் புள்ளிகளைப் பொதுவான ஓர் அளவுகோலுக்குக் கொண்டுவந்தது. கருவி ஏறத்தாழ அதே புள்ளிவிபரவியல் கருவிதான். கூட்டத்தைப் பிரித்த கோடுதான் வேறு. அந்தக் கோட்டின் விளைவுகள் பரீட்சை மண்டபத்தோடு நின்றுவிடவில்லை என்பதை நாடு அறியும். இன்றைய இசட் புள்ளிக்கு மொழிமூல வேறுபாடு கிடையாது. ஒரு பாடத்துக்கு நாடு முழுவதும் ஒரே இடை, ஒரே நியம விலகல்.

மாவட்டக் கோட்டா இசட் புள்ளி கணித்த பின்னர்தான் வருகிறது. கலைப்பிரிவு நீங்கலான பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைக்கும், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. கண்டி மாவட்டத்துக் கம்பளை மாணவரும் பக்கத்து நுவரெலியா மாவட்டத்துக் கொத்மலை மாணவரும் ஒரே இசட் புள்ளியோடு வெவ்வேறு வெட்டுப்புள்ளிகளைச் சந்திப்பது இதனால்தான்.

2011இல் ‘கூட்டம் எது’ என்ற கேள்வி இன்னொரு வடிவில் திரும்பி வந்தது. அவ்வாண்டு உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு வகையினர் தோற்றினர்: புதிய பாடத்திட்டத்தில் முதல் தடவை எழுதியவர்கள், பழைய பாடத்திட்டத்தில் மீண்டும் எழுதியவர்கள். பாடத்தின் பெயர் ஒன்று, வினாத்தாள்கள் இரண்டு. இரு கூட்டத்தையும் இணைத்து ஒரே தரையை வைத்து இசட் புள்ளி கணிக்கப்பட்டது. எந்த வினாத்தாள் கடினமோ அதை எழுதியவர்கள் தமக்குரியதல்லாத தரையிலிருந்து அளக்கப்பட்டார்கள் என்பது முறைப்பாடு. விவகாரம் உயர் நீதிமன்றம்வரை சென்றது. 2012 ஜூனில் நீதிமன்றம் அந்தக் கணிப்பை இரத்துச் செய்து, இரண்டையும் வெவ்வேறு குடித்தொகைகளாகக் கொண்டு மீளக் கணிக்கச் சொன்னது. ‘குடித்தொகை’ என்பது இங்கே ஊர் மக்கள் தொகையல்ல. ஒரே அளவுகோலால் அளக்கத்தக்க முழுக் கூட்டத்துக்கும் புள்ளிவிபரவியல் வைத்த பெயர்.

தனித்தனியாகக் கணித்தாலும் ஒரு குறை மிஞ்சும். மீண்டும் எழுதுபவர்கள் ஒரு வருடம் கூடுதலாகப் படித்தவர்கள். அவர்களில் ஏற்கெனவே பல்கலைக்கழகம் போன முதல்தர மாணவர்கள் இல்லை. கூட்டத்தின் தன்மையே வேறு. வினாத்தாளின் கடினத்தையும் கூட்டத்தின் திறமையையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு: இரண்டு தாள்களிலும் சில பொது வினாக்களை வைத்துவிட்டு, அவற்றில் இரு கூட்டமும் எப்படிச் செய்கின்றன என்று ஒப்பிடுவது. பொது வினாவில் இரு கூட்டமும் சமமாக நின்று, மற்ற வினாக்களில் ஒரு கூட்டம் சறுக்கினால், குறை தாளில்தான். உலகின் பெரிய பரீட்சைகள் சில இந்த ‘நங்கூர வினா’ முறையைக் கையாள்கின்றன. வெவ்வேறு பாடங்களுக்கு இடையே அது கைகொடுக்காது. இரசாயனவியலுக்கும் தகவல் தொழினுட்பத்துக்கும் பொது வினா எங்கே இருந்து வரும்?

பாடம் மாற்றுபவரின் பக்கக் கணக்குக்கு வந்தால், முதலில் தெரிவது மூன்றில் ஒன்று என்ற விகிதம். இறுதி எண் மூன்று பாடங்களின் சராசரி என்பதால், ஒரு பாடத்தின் இசட் புள்ளி 0.6 கூடினால் மொத்தம் 0.2 கூடும். வெட்டுப்புள்ளியை ஒட்டித் தசமதானங்களில் ஆட்கள் நெருக்கியடிக்கும் வரிசையில் 0.2 சிறிய எண்ணல்ல. ஆனால் புதிய பாடத்துக்குச் செலவாகும் மணித்தியாலங்கள் மற்ற இரண்டு பாடங்களிலிருந்துதான் பிடுங்கப்படுகின்றன. அவை இரண்டும் தலா 0.3 குறைந்தால், புதிய பாடத்தில் ஏறிய 0.6 அங்கேயே கழிந்துவிடும். இதற்கு மேல் ஒரு நிபந்தனையும் உண்டு: பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் சித்தியடைந்திருக்க வேண்டும். இரண்டில் ஏ எடுத்துவிட்டு, இலேசு என்று எண்ணி மாறிய மூன்றாவதில் தவறினால், அந்த இரண்டு ஏயும் அந்தத் தடவைக்குப் பயன்படாது. தோற்றக்கூடிய தடவைகளும் மூன்றுதான்.

அந்த மணித்தியாலங்கள் எவ்வளவு? இங்கே புள்ளிவிபரவியலை விட்டு ஞாபகத்தின் அறிவியலுக்குப் போக வேண்டும்.

ஞாபகத்தை முதன்முதலில் அளந்து பார்த்தவர் ஜேர்மனியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ். அவரது நூல் 1885இல் வெளிவந்தது. பரிசோதனைக்கு ஆளும் அவரே, ஆய்வாளரும் அவரே. பொருளில்லாத அசைகளை வரிசையாக எழுதி, பிழையில்லாமல் ஒப்புவிக்கும்வரை மனனம் செய்வார். சில நேரம் கழித்து அதே வரிசையைத் திரும்பப் பாடமாக்குவார். இரண்டாம் தடவை எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதுதான் அவருடைய அளவு. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘ஞாபகம் இருக்கிறதா?’ என்று கேட்டால் இல்லை என்ற பதில் வரலாம். ஆனால் திரும்பப் படிக்கும்போது நேரம் மிச்சமாகிறது என்றால், உள்ளே ஏதோ எஞ்சியிருக்கிறது என்றுதானே பொருள்? 20 நிமிடத்தில் மிச்சம் 58 சதவீதம். ஒரு நாளில் 34. ஆனால் ஒரு மாதம் கழித்தும் 21. மறதி முதல் நாளில் மலைச்சரிவுபோல் விழுந்து, பிறகு சமவெளியாகிவிடுகிறது.

விட்ட பாடத்துக்கும் இது பொருந்தும். ஒன்றரை வருடம் படித்த இரசாயனவியல், விண்ணப்பப் படிவத்தில் பெயர் மாறியதும் அழிந்துவிடுவதில்லை. அடுத்த தடவை அதற்கே திரும்புபவர் எதுவும் நினைவில்லை என்று புலம்பினாலும், அலகை இரண்டாம் முறை முடிக்க முதல் தடவையைவிடக் குறைந்த நேரமே எடுப்பார். இதை ‘மீள்கற்றல் சேமிப்பு’ எனலாம். புதிய பாடத்தில் அந்தச் சேமிப்புக் கணக்கு பூச்சியத்தில் தொடங்குகிறது.

பூச்சியம் என்பதும் முழு உண்மையல்ல. அமெரிக்காவில் வில்லியம் சேசும் ஹெர்பர்ட் சைமனும் 1973இல் வெளியிட்ட சதுரங்க ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. உண்மையான ஆட்டத்தின் நடுவிலிருந்து எடுத்த ஒரு பலகையை ஐந்து விநாடி காட்டி மறைத்தார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் காய்களில் பெரும்பாலானவற்றைச் சரியாகத் திரும்ப வைத்தார். புதியவருக்கு நாலைந்துதான் நினைவிருந்தது. பிறகு காய்களைத் தாறுமாறாகப் பரப்பிக் காட்டினார்கள். இப்போது தேர்ந்தவரும் புதியவரும் ஏறத்தாழ ஒன்றுதான். தேர்ந்தவரின் ஞாபகசக்தி பெரிதல்ல என்பது இதிலிருந்து தெரிந்தது. தெரிந்த அமைப்பைக் கண்டால் ஐந்தாறு காய்களை ஒரே துண்டாக அள்ளிக்கொள்கிறார், அவ்வளவுதான். அமைப்பு இல்லையென்றால் அள்ள முடிவதில்லை.

எனவே மாறும் பாடம் ஏற்கெனவே படித்ததோடு எங்கெங்கே ஒட்டுகிறது என்பதே நேரத்தைத் தீர்மானிக்கிறது. பௌதிகவியலில் இலத்திரனியல் அலகு படித்தவருக்குத் ‘தர்க்கப் படலை’ தெரியும். படலை என்றால் வேலியில் இருக்கும் கதவு. இரண்டு உள்ளீடுகளும் 1 ஆக இருந்தால் மட்டும் 1 தரும் படலை ஒன்று. ஏதாவது ஓர் உள்ளீடு 1 ஆக இருந்தாலே 1 தரும் படலை இன்னொன்று. பாடசாலை வானின் முன்கதவும் பின்கதவும் மூடினால்தான் பச்சை விளக்கு எரியும் என்றால் அது முதல் வகை. எந்தக் கதவு திறந்தாலும் உள்விளக்கு எரியும் என்றால் இரண்டாம் வகை. இதே படலைகளும் அவற்றின் உண்மை அட்டவணையும் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலும் வருகின்றன. அந்த அலகைப் பௌதிகவியல் மாணவர் ஒரு மாலைக்குள் முடித்துவிடலாம். ஆனால் பைதன் மொழியில் நிரல் எழுதுவதும் தரவுத்தள அட்டவணைகளை ஒழுங்குபடுத்துவதும் அப்படியல்ல. அங்கே பலகையில் எல்லாக் காய்களும் சிதறித்தான் தெரியும். விவசாய விஞ்ஞானத்துக்குப் போகும் உயிரியல் மாணவருக்கு ஒளித்தொகுப்பும் மண்ணின் அமிலத்தன்மையும் பழைய ஆட்கள். பண்ணை முகாமைத்துவமும் பயிர்களின் விபரங்களும் புதியவர்கள். பாடத்திட்டத்தை விரித்து வைத்து, அலகு அலகாகப் பழையது புதியது என்று குறித்துப் பார்த்தால், ‘இலேசு’ என்ற சொல்லைவிடத் தெளிவான விடை கிடைக்கும்.

புதிய அலகுகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. ஒரு விடயம் நீண்ட நாள் நிற்க வேண்டுமானால், அதை ஒரேயடியாகப் படிப்பதைவிட இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பதே பலன் தரும். 2008இல் நிக்கலஸ் செபீடாவும் கூட்டாளிகளும் 1,350க்கும் மேற்பட்டோரை வைத்து இந்த இடைவெளியை அளந்தார்கள். சோதனை ஒரு வாரத்தில் என்றால் ஓரிரு நாள் இடைவெளியே போதும். ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து என்றால் மூன்று வாரம்வரை விடுவது நல்லது. மூன்று மாதத்தில் இரண்டு வருடப் பாடத்தை முடிக்க நினைப்பவருக்கு முதல் சுற்றுக்கே நேரம் சரியாகிவிடும், திரும்பி வருவதற்கு நாட்கள் இருக்காது. பரீட்சைக்கு முன்னைய வாரங்களில் நகரத்து மண்டபங்களில் காலை முதல் மாலைவரை நடக்கும் செமினார்கள், ஏற்கெனவே ஒரு சுற்று முடித்தவருக்கு மீட்டல். புதிதாக வந்தவருக்கு அதுதான் முதல் சுற்று.

செமினாரிலிருந்து வெளியே வரும்போது எல்லாம் புரிந்துவிட்டதுபோல் இருக்கும். இந்த உணர்வை நம்பக்கூடாது என்பதற்கு ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006இல் செய்த பரிசோதனை ஆதாரம். மாணவர்கள் ஒரு பந்தியை இரண்டு தடவை வாசித்தார்கள். இன்னொரு பந்தியை ஒரு தடவை வாசித்துவிட்டு, தாளை மூடி, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு தடவை வாசித்த பந்தியே முன்னணியில்: அதில் 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: வாசித்ததில் 42 சதவீதம், எழுதிப் பார்த்ததில் 56. கடந்தகால வினாத்தாள்களை நேரம் வைத்துச் செய்யச் சொல்லும் ஆசிரியர்கள் இந்த ஆய்வு வரும் முன்பே இதை அறிந்திருந்தார்கள் போலும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சாட்சியம் மிஞ்சுகிறது, அதுதான் மாணவரை அதிகம் அசைப்பது: “எங்கள் ஸ்கூலில் ஓர் அண்ணா கடைசியில் மாறித்தான் நல்ல ரிசல்ட் எடுத்தார்.” இந்த அண்ணாக்கள் உண்மையானவர்கள். ஆனால் அவர்கள் எப்போது மாறினார்கள் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒரு தவணைப் பரீட்சையில் மிக மோசமாகச் செய்த பிறகு.

எந்த ஒரு பரீட்சைப் புள்ளியிலும் திறமையோடு தற்செயலும் கலந்திருக்கும். முதல்நாள் காய்ச்சல், படிக்காத அலகிலிருந்து வந்த கேள்வி, தவறாக வாசித்த ஒரு வினா. மிக மோசமான புள்ளியில் இந்தத் தற்செயல்கள் பெரும்பாலும் எதிராகவே சேர்ந்திருக்கும். அடுத்த தடவை அவை எல்லாம் அப்படியே மீண்டும் சேர்வது அரிது. எனவே எதுவும் செய்யாமலேயே புள்ளி கொஞ்சம் ஏறும். பல்லேகல மைதானத்தில் பூச்சியத்தில் ஆட்டமிழந்த துடுப்பாட்டக்காரர் அடுத்த ஆட்டத்தில் கூடுதலாக எடுப்பதற்குப் பயிற்றுநரின் திட்டு காரணமாக இருக்க வேண்டியதில்லை. பூச்சியத்துக்குக் கீழே போக இடமும் இல்லை. 1880களில் பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டபோது பிரான்சிஸ் கோல்ட்டன் இதைக் கண்டார்: மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடச் சற்றுக் குட்டை, மிகக் குட்டையானவர்களின் பிள்ளைகள் சற்று உயரம். ‘இடையை நோக்கிய பின்னடைவு’ என்று இதற்குப் பெயர்.

மோசமான பெறுபேற்றுக்குப் பிறகு பாடம் மாறியவர் ஏறினால், அந்த ஏற்றத்தில் பாடமாற்றத்தின் பங்கு எவ்வளவு, பின்னடைவின் பங்கு எவ்வளவு என்று அவரை மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது. அதே தவணையில் அதே அளவு மோசமாகச் செய்து, மாறாமல் இருந்தவர்களையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். அவர்களும் ஏறியிருந்தால், மாற்றத்தின் பங்கு இரு ஏற்றங்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் மட்டுமே. மாறியும் ஏறாதவர்களையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். அவர்களைப் பற்றிப் பாடசாலையில் யாரும் கதை சொல்வதில்லை, பெறுபேறு வந்த நாளில் டியூசன் வகுப்புச் சுவரொட்டியில் அவர்களின் படமும் வருவதில்லை.